அவைக்கு வெளியே சொன்னது

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளுக்கு சைரன் என்று பெயர். வண்டியில் இருக்கும் சைரன் பழுதானாலும் கவலையில்லை, இவள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சத்தம் போட்டால் பஸ்காரன்கூட ஒதுங்கிவிடுவான் என்று யாரோ சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதிரில் உட்கார்ந்திருப்பவர் காதைக் கொடுத்தால்தான் கேட்கும், அவ்வளவு மெதுவான குரல். அவர்கள் வீட்டுச் சண்டையில் பாதிதான் தங்களுக்குக் கேட்கிறது, மீதிப் பாதி தெரியாமல் மண்டை வெடிக்கிறது என்று பக்கத்து வீட்டு அத்தைக்கு நெடுநாள் குறை.

அப்படிப்பட்டவள் ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சடங்கி இருந்தாள்.

ஒரு மதிய வேளையில் பேக்கரிக்காரர் ஒருவர் தன் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அவர் மனைவி அப்போது மொத்தச் சந்தைக்கு மாவு வாங்கப் போயிருந்தார். ரொட்டி வாங்க வந்த யாரோ போன் செய்ய, சைரனும் மருத்துவ உதவியாளரும் போய் அவரை வண்டியில் ஏற்றினார்கள். உதவியாளர் இளைஞர், நிதானமானவர். அவர் பின்னால் நோயாளியோடு இருந்தார். தகவல் கிடைத்த மனைவி சந்தையிலிருந்து நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரிய சாலையில் ஒரு வளைவு உண்டு. அதைத் திரும்பினால் சாலையைக் காணோம். குழாய் பதிப்பதற்காகக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் வரை இல்லாத பள்ளம். வளைவுக்கு முன்னால் ஒரு பலகை இல்லை, ஒரு சிவப்புத் துணி இல்லை, ஆளும் இல்லை. பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்துவதற்குள் பின்னால் லாரியும் வேனும் வந்து அடைத்துக்கொண்டன. சைரன் கீழே குதித்தாள். ஒவ்வொரு வண்டியின் கதவையும் தட்டி, கத்தி, கெஞ்சி, கையெடுத்துக் கும்பிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்கு எடுக்க வைத்தாள். பிறகு பழைய கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு பறந்தாள். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பேக்கரிக்காரரின் மூச்சு நின்றுபோனது. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று உதவியாளர் கேட்டார். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பள்ளத்தருகே ஒரு டீக்கடை இருந்தது. வண்டி நின்றதும் ஓட்டுநர் கதவு திறந்து கிடந்ததும் டீக்கடைப் பலகையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி யாரோ ஒரு படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படம் கைமாறிக் கைமாறி அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் போய்ச் சேர்ந்தது.

உறுப்பினருக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. தேர்தலுக்கு முன்னால் குழாய் போட்டு முடித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். சாலையை வெட்டியவர் யார், பலகை வைக்காதவர் யார் என்று தெருவில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் இந்தப் படம் அவருக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. மறுநாள் சட்டசபையில் எழுந்து, ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கையில் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார் என்றும், அவர் ஓட்டுநர் அல்ல, கொலைகாரி என்றும் பேசினார். மேஜைகள் தட்டப்பட்டன. சாயங்காலம் எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான்.

நிலையத்தில் அவளை வண்டியிலிருந்து இறக்கி போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். துறை விசாரித்தது. லாரிக்காரர்களையும் உதவியாளரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஓட்டுநர் மீது தவறில்லை என்று முடிவானது. ஆனால் அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை, எந்தத் தொலைக்காட்சியும் சொல்லவில்லை. கொலைகாரி என்பது செய்தி. இல்லை என்பது செய்தியா? பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் "டீ ஆச்சா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். மகள் பள்ளியிலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல அந்தப் பெண் கற்றுக்கொண்டதே அப்போதுதான்.

கணவர்தான் வக்கீலைப் பார்க்கலாம் என்றார். கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிற வக்கீலம்மா ஒருவர் இருந்தார். அவர் அலுவலகம் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகவேண்டும். அங்கே இருந்த நாற்காலிகளில் ஒன்றுக்கு ஒரு கால் ஆடும். ஆடுகிற நாற்காலியைத் தான்தான் எடுத்துக்கொள்வதாகவும், வழக்கோடு வருகிற கட்சிக்காரர்களுக்கு ஏற்கெனவே போதுமான ஆட்டம் இருக்கிறது என்றும் வக்கீலம்மா சொன்னார். சைரன் சிரிக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, அந்த ஆள்மீது மானநஷ்ட வழக்குப் போடவேண்டும் என்றாள்.

"போட முடியாதும்மா" என்றார் வக்கீலம்மா.

"ஏன் மேடம்? பெரிய மனுஷன்ங்கறதாலயா?"

"பெரிய மனுஷன் சின்ன மனுஷன் கதையே இல்ல. சபைக்குள்ள ஒரு உறுப்பினர் பேசுனதுக்கு எந்தக் கோர்ட்டும் அவரைக் கேள்வி கேட்க முடியாது. சட்டம் அப்படி. பொய்யே சொன்னாலும் அப்படித்தான்."

"அப்போ அங்க நின்னுக்கிட்டு யாரை வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம். நான் கொலைகாரின்னு கேட்டுக்கிட்டுப் போகணும்."

வக்கீலம்மா ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு, சபாநாயகர் நினைத்தால் கண்டிக்கலாம், அவருக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். அதைவிட முக்கியமாக இன்னொன்று சொன்னார். அந்தப் பாதுகாப்பு சபை வாசலோடு முடிந்துவிடுகிறது. இதே பேச்சை அவர் வெளியே வந்து பேசினால் அவரும் நீங்களும் நானும் ஒன்றுதான். பேசுவாரா என்று கணவர் மெல்லக் கேட்டார். மேஜை தட்டல் வாங்கின வசனத்தை எந்த அரசியல்வாதியும் ஒரு தடவையோடு விட்டதாகத் தான் பார்த்ததில்லை என்றார் வக்கீலம்மா.

சபாநாயகர் அலுவலகத்திலிருந்து மிக மரியாதையான பதில் வந்தது; அதில் மரியாதையைத் தவிர ஒன்றுமில்லை. காத்திருப்பது சைரனுக்குப் பழக்கமில்லாத வேலை. சிக்னலில் நிற்பதற்கே பொறுமை இல்லாதவள் அவள். வெளியே நிருபர்கள் உறுப்பினரைச் சூழ்ந்து கேட்டபோதெல்லாம் அவர் உஷாராக, "உள்ளே சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார். வழக்குப் போட இது போதாதா என்று அவள் போன் போட்டுக் கேட்டாள். இழுத்துப் பார்க்கலாம், ஆனால் அறுந்துவிடும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

கடைசியில் தேர்தல் கூட்டம் வந்தது. சந்தை முனையில் மேடை. உறுப்பினர் பேக்கரிக்காரரின் மனைவியை மேடைக்கே அழைத்துவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு நிற்கவில்லை. சபையில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். டீக்கடை, உயிர் ஊசல், கொலைகாரி. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்த சைரனுக்கு, வழக்குப் போட வழி கிடைத்ததே என்ற சந்தோஷம் வரவில்லை. அந்த அம்மாளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவர் இதை நம்புகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வழக்குப் போட்டாயிற்று. தேர்தலில் உறுப்பினர் மறுபடியும் ஜெயித்தார். கொஞ்ச நாளில் அவர் தரப்பிலிருந்து பதில் வந்தது: மேடையில் பேசியது சபையில் பேசியதன் மறுபதிப்புதான், சபையில் பேசியதற்குப் பாதுகாப்பு உண்டு, ஆகவே மேடைக்கும் உண்டு, வழக்கை வாசலிலேயே தள்ளுபடி செய்யவேண்டும்.

இதற்கு நடுவில்தான் அவள் மனத்தைக் கலக்கிய ஒன்று நடந்தது. ஒரு மதியம் போன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் இருந்த தொலைக்காட்சியில் சட்டசபை ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஜெயித்து வந்த உறுப்பினர் ஒருவர், ஒல்லியான பெண், கையில் ஒரு காகிதத்தோடு எழுந்து நின்றார். பெரிய சாலையை வெட்டிய ஒப்பந்தக்காரரின் பெயரைச் சொன்னார். எச்சரிக்கைப் பலகை வைத்ததாகப் பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறார் என்றார். பள்ளத்தில் விழுந்து அடிபட்டவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்றார். இதை வெளியே சொன்னால் வழக்குப் போட்டு ஒழித்துவிடுவதாகத் தனக்கும் உள்ளூர்ப் பத்திரிகைக்கும் மிரட்டல் வந்திருக்கிறது, அதனால்தான் இங்கே சொல்கிறேன், இங்கே என் வாயை யாரும் அடைக்க முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் வந்தது. அந்த வாரமே சாலைகளில் பலகைகள் முளைத்தன. ஒரு சின்னக் குழிக்குக்கூட மூன்று பக்கமும் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

சைரன் நேராக வக்கீலம்மாவிடம் போனாள். படி ஏறின மூச்சிரைப்பு அடங்குவதற்குள் கேட்டாள்.

"மேடம், என்னைக் கொலைகாரின்னு சொல்ல அந்தாளுக்குத் துணை நின்னதும் அந்தச் சட்டம்தான், இந்தப் பொண்ணு உண்மையச் சொல்லத் துணை நின்னதும் அதே சட்டம்தான். நான் எதை எதிர்த்து நிக்கறேன்? எனக்கே புரியல."

"சட்டத்தை எதிர்த்து நீங்க நிக்கவே இல்லையே" என்றார் வக்கீலம்மா. "சபைக்குள்ள போடற அந்தக் கவசத்தைப் போட்டுக்கிட்டுத் தெருவுல சுத்தாதேன்னு அவர்கிட்ட சொல்றீங்க. அவ்ளோதான்."

அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கீழே பெயிண்ட் கடை வாசலில் ஒருவர் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுரிமையையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்று இத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தவள் அவள். அந்த வெறி அன்றைக்கு எப்படிக் கரைந்தது என்று பிற்பாடு கணவர் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபம் போகவில்லை, அதற்கு ஓர் எல்லை கிடைத்தது என்று மட்டும் சொன்னாள்.

நீதிமன்றத்தில் வாதம் நடந்த நாளில் நீதிபதிக்குக் கடுமையான ஜலதோஷம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை கைக்குட்டையை எடுத்தார். உறுப்பினரின் வக்கீல் மணிக்கணக்கில் பேசுகிறவர். மக்கள் பிரதிநிதி மக்களிடம் தன் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் கடமைதான், அந்தக் கடமைக்கு வாசலில் பூட்டுப் போடலாமா என்று உருக்கமாகக் கேட்டார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சந்தை முனையில் மைக்கைப் பிடித்தபோது உங்கள் கட்சிக்காரர் சபையின் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்? அந்த வக்கீல் மேஜைமேல் இருந்த தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. பாதுகாப்பு தரப்பட்டிருப்பது சபைக்கு, சபையின் பணி தடையில்லாமல் நடப்பதற்காக. உறுப்பினர் போகும் இடமெல்லாம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. மேடையில் பேசியதற்கு வழக்கு நடக்கும். ஆனால் சபைக்குள் அவர் பேசிய ஒரு வார்த்தையையும் இந்த நீதிமன்றம் விசாரிக்காது, வாதி அதைச் சாட்சியமாகவும் காட்டக்கூடாது.

அந்தக் கடைசி வரி சைரனுக்குச் சுருக்கென்றது. வழக்கு மனுவில் சபை பற்றி எழுதியிருந்த பத்திகளை வக்கீலம்மா பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தபோது, தன் வயிற்றெரிச்சல் அங்கேதானே ஆரம்பித்தது, அதையே அடித்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டாள். வக்கீலம்மாவுக்கோ காலே தரையில் பாவவில்லை. பாதிக் கிணறு இல்லை, முக்கால் கிணறு தாண்டியாயிற்று என்றார்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் பேக்கரிக்காரரின் மனைவி, பேக்கரியம்மா, நின்றிருந்தார். தன் பக்கம் சாட்சி சொல்வதற்கென்று உறுப்பினர்தான் அவரை வரச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த அந்த மதியத்துக்குப் பிறகு சைரன் அவரை நேரில் பார்த்ததில்லை. இறந்தவர் குடும்பத்தோடு பேசக்கூடாது என்று துறை சொல்லியிருந்தது. வழக்கு வந்த பிறகு வக்கீலம்மாவும் வேண்டாம் என்றார். சைரன் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கப் பார்த்தாள். அந்த அம்மாள் வழிமறித்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்து, சைரனோடு வந்திருந்த உதவியாளர் முன்னால் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் பேக்கரியம்மா. "அவர் கடைசியா ஏதாவது பேசினாரா? இத்தனை நாளா எல்லாரும் என்கிட்ட என்னென்னவோ சொல்றாங்க. இதை யாருமே சொல்லல."

சைரன் உதவியாளரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"பேசினாரும்மா" என்றாள். "அடுப்புல ரொட்டி இருக்கு, அணைக்கணும்னு சொல்லிக்கிட்டே வந்தார். இந்தத் தம்பிதான் கேட்டு என்கிட்ட சொன்னார். நான் கட்டுப்பாட்டு அறையில சொல்லி, உங்க பக்கத்துக் கடைக்குப் போன் போடச் சொன்னேன். அணைச்சாச்சுன்னு பதில் வந்தது. அதை அவர்கிட்ட சொன்னோம். சரின்னு கண்ணை மூடிக்கிட்டார்."

 எல்லாம் முடிந்து கடையைத் திறந்த அன்று அடுப்பு அணைந்திருந்ததைப் பார்த்து, யார் அணைத்தார்கள் என்று தெரியாமல் மனசு அடித்துக்கொண்டதாகப் பேக்கரியம்மா சொன்னார். பிறகு, வண்டி ஏன் நின்றது என்று கேட்டார். சைரன் சொன்னாள். பள்ளம், லாரி, வேன், கும்பிட்டது, எல்லாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சு ஒன்றுகூட அதில் இல்லை. இன்னொரு வழியாகப் போயிருந்தால் என்று தான் யோசிக்காத நாள் இல்லை என்பதையும் சொல்லிவிட்டாள். வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

அன்றே பேக்கரியம்மா உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்பதை அவர் பிற்பாடு சொல்லித்தான் சைரனுக்குத் தெரியும். தான் சாட்சி சொல்ல வரப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். உறுப்பினர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தாராம். "என் புருஷன் சாவை நீங்க எடுத்துக்கிட்டுப் போய் மைக்ல பேசினீங்க. அவர் எப்படிப் போனார்னு ஒரு தடவையாவது விசாரிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். உறுப்பினர் விசாரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், நம்ப வசதியாக இருந்தது, நம்பினார். அதுதான் உண்மை. 

உறுப்பினர் தரப்பிலிருந்து சமாதானத்துக்கு ஆள் வந்தது. வக்கீலம்மாவின் ஆடும் நாற்காலி அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். உறுப்பினரே வந்திருந்தார். பக்கத்தில் பார்த்தால் சாதாரண மனிதர், காலர் ஓரம் நைந்திருந்தது, முழங்கால் வலியால் அந்தப் படியில் பாதியில் நின்று நின்று ஏறி வந்திருந்தார். சந்தை முனையிலேயே திருத்திச் சொல்கிறேன், பத்திரிகையில் போடுகிறேன், நஷ்டஈடும் தருகிறேன் என்று அவர் வக்கீல் வரிசையாகச் சொன்னார். நஷ்டஈடு வேண்டாம், வழக்குச் செலவு மட்டும் போதும் என்றாள் சைரன். பிறகு, சபையிலும் எழுந்து சொல்லவேண்டும் என்றாள்.

அந்த வக்கீல் சிரித்தே விட்டார். "அம்மா, சபையில இன்னதைப் பேசுன்னு இந்த நாட்டுல எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது. அன்னைக்குத் தீர்ப்புலயே கேட்டீங்களே."

"கேட்டேன் சார். அதனாலதான் கோர்ட்டைக் கேக்கல" என்றாள் சைரன். "அவரைக் கேக்கறேன்."

 உறுப்பினர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "பாக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து படி இறங்கிப் போய்விட்டார். 'பாக்கறேன்' என்றால் முடியாது என்று அர்த்தம் என்று கணவர் வீட்டில் வந்து சொன்னார். சைரனும் அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

ஒப்புக்கொண்டபடி உறுப்பினர் சந்தை முனையில் திருத்தம் சொன்னார், பத்திரிகையிலும் வந்தது. நிலையத்தில் அவளை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் வக்கீலம்மா போன் செய்து, நாளைக்குச் சட்டசபைப் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன், கிளம்பி வாருங்கள் என்றார்.

பேக்கரியம்மாவும் வந்திருந்தார். மாடத்தில் கைதட்டக்கூடாது, பேசக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று காவலர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். மேலேயிருந்து பார்க்க அந்த மண்டபம் தொலைக்காட்சியில் தெரிவதைவிடச் சின்னதாக இருந்தது. பாதி இருக்கைகள் காலி. ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்திலிருந்தா அவ்வளவு பெரிய இடி நம் தலையில் விழுந்தது என்று சைரனுக்கு வியப்பாக இருந்தது.

உறுப்பினர் எழுந்தார். சபாநாயகரிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். குனிந்து காகிதத்தைப் பார்த்தபடியே, குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். முன்பு ஒருநாள் இந்த அவையில் ஓர் ஓட்டுநரைப் பற்றிப் பேசினேன். அவர் டீ குடிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளை விலக்குவதற்காக இறங்கினார். விசாரிக்காமல் பேசியது என் தவறு. அவரிடமும் அந்தக் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதை அவைக்குறிப்பில் சேர்க்கவேண்டும்.

அவ்வளவுதான் எழுதி வைத்திருந்தார் போலிருக்கிறது. காகிதத்தை மடித்தார். உட்காரப் போனவர் உட்காரவில்லை.

"இன்னொன்று. அந்தச் சாலையை அவசரமாக வெட்டச் சொல்லி நெருக்கியவன் நான். பலகை வைத்தார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்."

எதிர்வரிசையில் அந்த ஒல்லிப் பெண் உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தார். கொட்டாவி விட்டவர் வாயை மூடிக்கொண்டார்.

வக்கீலம்மா சைரனின் காதருகே குனிந்தார். "இதை வச்சு அவர் மேல யாரும் வழக்குப் போட முடியாது. அந்தத் தைரியத்துலதான் சொல்றார்."

"சொல்லட்டும் மேடம்" என்று சைரன் முணுமுணுத்தாள். "அதுக்குத்தானே அந்த இடம்."

காவலர் உதட்டில் விரலை வைத்துக்காட்டினார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நேராக உட்கார்ந்துகொண்டார்கள். பேக்கரியம்மா அழவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே அந்த மனிதர் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே படிக்கட்டில் வெயில் கொளுத்தியது. வக்கீலம்மா அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோ பிடித்து ஓடினார். மீதி இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்தார்கள். பேருந்து நிறுத்தம் வந்ததும் பேக்கரியம்மா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். கடையை மூடிவிடலாமா என்றிருந்ததாம், இப்போது இல்லை என்று முடிவு செய்துவிட்டாராம். ரொட்டி போடுவதில் கஷ்டமில்லை, கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இடிக்கிறது.

"அவரோட வேன் சும்மா நிக்குது. வாடகைக்கு ஆள் வச்சா ஒருநாள் வர்றான், ரெண்டு நாள் வரமாட்டேங்கறான். இந்த வயசுல எனக்கு வருமான்னு தெரியல. நீங்க ஓட்டச் சொல்லித் தருவீங்களா?"

சைரன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பயம் இருக்கிறதா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றார் பேக்கரியம்மா. அப்படியென்றால் சரி, பயமே இல்லை என்று சொல்கிறவர்களைத்தான் நான் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றாள் சைரன். பேக்கரியம்மாவுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த விடுமுறை நாளில், பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே இன்னும் மாவு வாசனை இருந்தது. பேக்கரியம்மா இருக்கையை முன்னுக்கு இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொண்டார். முதல் நாள் முழுக்க வண்டி குதித்துக் குதித்து அணைந்தது. கிளட்சை ஏன் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். அடுத்த வாரம் வட்டம் போட்டார். அதற்கடுத்த வாரம் ரிவர்ஸ் எடுக்கப்போய் ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு, இறங்கிப்போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

பழகுநர் உரிமம் கையில் வந்த காலையில் மைதானத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, "ரோட்டுக்குப் போலாமா?" என்று அவரே கேட்டார்.

"போலாம்மா. ரெண்டு பக்கமும் பாருங்க. அவசரமே இல்ல."

பேக்கரியம்மா வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் வலது பக்கம் பார்த்தார். சைக்கிளில் போன ஒருவருக்கு வழிவிட்டார். பிறகு கிளட்சை மெல்ல விட்டு, வேனை வெளியே எடுத்தார்.